மெல்க்கோயாவுக்கு 350 மெகாவாட்: நோர்வே தன் புகையைக் குறைக்கிறதா, இடம் மாற்றுகிறதா?

#1 வடமுனை (ஹம்மர்பெஸ்ட்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு பற்றித்தான் கதைக்கிறோம். இன்று கொஞ்சம் நீளமாக வேறு விடயம் ஒன்று எழுதப் போகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் மெல்க்கோயாத் தீவு தெரியும். அப்பா 80களின் கடைசியில் நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்குக்கு மீன் பக்டரி வேலைக்கு வந்தவர். அவரோடு வந்த தமிழ்ச் சனம் பாதிக்கு மேல் பிறகு ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் போய்விட்டது. நாங்கள் இருந்துவிட்டோம். நான் மின்வேலை படித்து இந்த ஊரிலேயே வேலை செய்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பேரன்ட்ஸ் கடலில் ஸ்னோவித் என்ற எரிவாயு வயல் இருக்கிறது. அங்கிருந்து கடலடிக் குழாயில் 143 கிலோமீற்றர் ஓடி வாயு மெல்க்கோயாவுக்கு வருகிறது. அதை மைனஸ் 160 பாகைக்குக் குளிராக்கித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். 2007இல் தொடங்கியது. குளிராக்க நிறையச் சக்தி வேண்டும். அதற்கு அதே வாயுவில் கொஞ்சத்தை எடுத்து, மின்சாரம் உண்டாக்குகிற சுழலிகளில் எரிக்கிறார்கள். அந்தப் புகை வருடத்துக்கு ஏறக்குறைய 850,000 தொன் காபனீரொட்சைட்டு (CO₂), நோர்வே முழுவதும் விடுகிற புகையில் கிட்டத்தட்ட 2 வீதம். அது ஒரே தீவிலிருந்து.

2023 ஆகஸ்டில் அரசாங்கம் அனுமதி கொடுத்தது: சுழலிகளை நிறுத்திவிட்டு, 2030இல் இருந்து தரையிலிருந்து மின்சாரம். 350 மெகாவாட் அளவு. வருடம் முழுவதும் ஓடினால் 3 டெராவாட் மணித்தியாலம். ஒரு வீட்டுக்கு வருடம் 16,000 யூனிட் என்று வைத்தால் 190,000 வீடுகளின் மின்சாரம். பின்மார்க் முழுவதும் இருக்கிற சனமே 75,000 அளவுதான்.

அதற்காக ஸ்கைதியிலிருந்து ஹம்மர்பெஸ்டுக்கு 420 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி வருகிறது. அந்தப் பாதை இங்கத்தைய பழங்குடிகளான ஸாமி மக்களின் பனிமான் மேய்ச்சல் நிலத்துக்குள்ளால் போகிறது.

என் கேள்வி இதுதான். இங்கே எரியாத வாயு கப்பலில் ஏறி ஐரோப்பாவில் எரியத்தானே போகிறது? இது குறைப்பா, இல்லை இடம் மாற்றமா? எங்கள் நகரசபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சரியான கணக்கோடு போக வேண்டும்.

#2 கடல்மேடை (ஸ்டவாங்கர்)

தங்கச்சி, நல்ல கேள்வி. 22 வருடம் கடலில் எண்ணெய் மேடைகளில் வேலை செய்த ஆள் என்ற முறையில் எழுதுகிறேன். என் பக்கச் சார்பு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதலில் பழைய கதை. வட கடலில் எக்கோபிஸ்கில் எண்ணெய் கண்டது 1969இன் கடைசியில். உற்பத்தி 1971இல். எழுபதுகளின் தொடக்கத்திலேயே நோர்வே ஒரு விதி வைத்தது: பாதுகாப்புக்குத் தவிர, அனுமதி இல்லாமல் வாயுவைச் சும்மா கொளுத்தக் கூடாது. நைஜீரியாவிலும் ஈராக்கிலும் இரவில் வானம் சிவக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த விதி.

அடுத்தது 1991இல் வந்த காபன் வரி. கடலில் எரிக்கிற ஒவ்வொரு கன மீற்றர் வாயுவுக்கும் காசு. அப்போது உலகத்தில் இரண்டு மூன்று நாடுகளில்தான் அப்படி ஒரு வரி இருந்தது. அது என்ன செய்தது என்பதற்கு ஸ்லைப்னரைச் சொல்கிறேன். அந்த வயலின் மேற்குப் பகுதி வாயுவில் 9 வீதம் அளவு காபனீரொட்சைட்டு கலந்திருந்தது. விற்க வேண்டுமானால் 2.5 வீதத்துக்கு இறக்க வேண்டும். பிரித்தெடுத்ததை வழக்கம்போல வானத்தில் விட்டிருக்கலாம். ஆனால் வரி தொன்னுக்கு ஏறக்குறைய 50 டொலர், வருடத்துக்கு ஒரு மில்லியன் தொன். கணக்குப் பார்த்தவர்களுக்கு விளங்கியது, மண்ணுக்குள் அனுப்புவது மலிவு என்று. 1996இலிருந்து கடலடிக்குக் கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் ஆழத்தில், உட்சிரா என்ற உப்புநீர் மணற்கல் படுகைக்குள் செலுத்துகிறார்கள்.

அதை யாரும் மேடை போட்டுப் பேசிச் செய்யவில்லை. வரிச் சீட்டைப் பார்த்துச் செய்தார்கள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விடயங்களில் இது ஒன்று.

மேடைகளுக்குத் தரை மின்சாரம் கொடுப்பதும் அதே வரிசையில் வந்ததுதான். ட்ரோல் ஏ மேடைக்கு 1996இலேயே கொடுத்தார்கள். யொஹான் ஸ்வெர்ட்ருப் வயல் 2019இல் தொடங்கியபோதே தரை மின்சாரத்தில் ஓடியது. அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க வெளியாகிற காபனீரொட்சைட்டு 0.67 கிலோ. உலகச் சராசரி அதைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

உங்கள் கேள்விக்கு: மேடையில் ஓடுகிற சிறிய சுழலி, வாயுவில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். அதே வாயு ஜெர்மனியில், சுழலியின் சூட்டையும் மின்சாரமாக்குகிற நல்ல கூட்டுச் சுழற்சி நிலையத்தில் எரிந்தால் அறுபது வீதத்துக்குக் கிட்ட வரும். அதே புகைக்கு இரண்டு மடங்கு மின்சாரம். அது நிலக்கரியை வெளியே தள்ளினால் இன்னும் நல்லது. ஆகவே முழுதும் இடமாற்றம் என்று சொல்ல முடியாது.

#3 நெய்தல் (ஒஸ்லோ)

கடல்மேடை அண்ணை, வரி பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

நோர்வே ஏற்றுமதி செய்கிற எண்ணெயும் வாயுவும் வெளிநாட்டில் எரியும்போது வருகிற புகை, நாட்டுக்குள் விடுகிற மொத்தப் புகையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அது எங்கள் கணக்கில் வராது. நாட்டுக்குள் 1990இல் 51 மில்லியன் தொன், 2023இல் 46 மில்லியன் சொச்சம். முப்பது வருடத்துக்கு மேல் எடுத்து பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. 2030க்குள் 55 வீதம் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

மொங்ஸ்டாட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் காபனீரொட்சைட்டைப் பிடிக்கப் போட்ட திட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2007 புத்தாண்டு உரையில் அப்போதைய பிரதமர் ஸ்டொல்டென்பர்க் அதை எங்கள் நிலாப் பயணம் என்று சொன்னார். 2013 செப்டம்பரில் முழு அளவிலான திட்டத்தைக் கைவிட்டார்கள். பரிசோதனை நிலையம் மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்னே 2000 மார்ச்சில் பொண்டெவிக் அரசாங்கமே வாயு மின்நிலையப் பிரச்சினையில் கவிழ்ந்தது. இந்த நாடு இதைப் பற்றி நிறையச் சண்டை பிடித்திருக்கிறது. செய்தது அதைவிடக் குறைவு.

இன்னொன்று. பெற்றோலிய இலாபத்துக்கு வரி 78 வீதம். அதனால் கம்பனி போடுகிற முதலீட்டையும் அதே அளவில் கழித்துக்கொள்ளலாம். மெல்க்கோயாத் திட்டத்துக்கு முதலில் மதிப்பிட்ட செலவான 13.2 பில்லியன் குரோனரில் பெரும் பகுதி கடைசியில் அரசின் கணக்கில்தான் விழும். பொதுக்காசு. அந்தக் காசுக்கும் அந்த மின்சாரத்துக்கும் இதைவிட நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்பது எங்கள் உரிமை.

#4 சூளைக்காரன் (போர்ஸ்கிரன்)

நல்ல இடம் எது என்று கேட்டதால் நான் வருகிறேன். ப்ரெவிக் சீமெந்து ஆலைப் பக்கத்தில் ஒப்பந்த வேலை செய்கிறேன். குழாய் பொருத்துகிற வேலை.

எல்லோரும் மின்சாரத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். மின்சாரம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காத புகை ஒன்று இருக்கிறது. சீமெந்து.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் போட்டால் 100 கிலோ கல்லில் 56 கிலோ சுண்ணாம்பு வரும், மிச்சம் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் போகும். எந்தச் சூட்டில் சுட்டாலும், எதை எரித்துச் சுட்டாலும் அந்த 44 கிலோ வெளியே வந்தே தீரும். கல்லுக்குள் இருப்பது அது. சீமெந்து ஆலையின் புகையில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கல்லிலிருந்து வருகிறது. எரிபொருளால் வருவது மிச்ச ஒரு பங்கு. எங்கள் ஊரில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்த ஆட்களுக்குக் கல் எடை குறைவது தெரியும், எங்கே போகிறது என்பது தெரியாது. நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பிடித்துத்தான் ஆக வேண்டும். ப்ரெவிக்கில் செய்வது இதுதான்: புகையை ஒரு உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள், மேலிருந்து அமீன் என்ற திரவம் இறங்குகிறது. அது காபனீரொட்சைட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தை 120 பாகை அளவுக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். விட்டதைக் குளிராக்கித் திரவமாக்கி, கப்பலில் மேற்குக் கரைக்கு அனுப்பி, ஒய்கார்டனிலிருந்து குழாயில் கடலுக்கு வெளியே கொண்டுபோய் 2,600 மீற்றர் ஆழத்தில் இறக்குகிறார்கள். நோர்தேர்ண் லைட்ஸ் என்பது, கப்பலில் கொண்டுபோய்ப் புதைக்கிற அந்த இரண்டாவது பகுதி. 2025 ஜூனில் ப்ரெவிக்கைத் திறந்தார்கள். ஆகஸ்டில் முதல் காபனீரொட்சைட்டு நிலத்துக்குள் போனது.

வருடத்துக்கு 400,000 தொன். ஆலையின் புகையில் பாதி. ஏன் பாதி மட்டும் என்று பலர் கேட்பார்கள். அமீனைச் சூடாக்கத்தான் அதிகச் சக்தி வேண்டும். ஆலையில் வீணாகிற சூட்டை வைத்தே அதைச் செய்கிறார்கள். அந்தச் சூடு பாதிக்குத்தான் போதும். அதற்கு மேல் பிடிக்க வேண்டுமென்றால் புதிதாக எதையாவது எரிக்க வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் வேண்டும். இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருப்பதைக் கொண்டு முடிந்ததைச் செய்திருக்கிறார்கள்.

#5 பாலைவனத்தான் (அபுதாபி)

வணக்கம். நான் தமிழ்நாடு, திருச்சிப் பக்கம். பத்து வருடமாக அபுதாபியில் முசாஃபா தொழிற்பேட்டையில் வேலை. இந்தத் தளத்தில் வாசகன் மட்டும்தான், இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது.

இங்கேயும் எண்ணெய் நாடுதான், ஆனால் எல்லாம் தலைகீழ். 2016-இல் இருந்து எமிரேட்ஸ் ஸ்டீல் ஆலையில் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கிறார்கள். வருடத்துக்கு 8 லட்சம் டன் வரை பிடிக்கும் திறன். அங்கே இரும்புத் தாதுவை நிலக்கரி இல்லாமல் இயற்கை வாயுவை வைத்தே இரும்பாக்குகிறார்கள். அந்த முறையில் வெளியேறும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே செறிவாக இருப்பதால் பிரிப்பது சிமெண்ட் ஆலையைவிட சுலபம்.

ஆனால் பிடித்தது எங்கே போகிறது? குழாயில் எண்ணெய் வயல்களுக்குப் போகிறது. நிலத்துக்குள் அழுத்தி, தங்கிப்போன எண்ணெயை வெளியே தள்ள உதவுகிறது. வாயு உள்ளேயே தங்குகிறது என்பது உண்மை. கூடுதலாக எண்ணெய் வருகிறது என்பதும் உண்மை. இங்கே கார்பன் வரி கிடையாது. அதனால் பிடித்த வாயுவுக்கு ஒரு விலை வேண்டுமென்றால், அதை வாங்க எண்ணெய் வயல்தான் இருக்கிறது. நோர்வேயில் வரியைத் தவிர்க்க மண்ணில் புதைத்தார்கள், இங்கே எண்ணெய் எடுக்கப் புதைத்தார்கள். ஒரே தொழில்நுட்பம், நோக்கம் வேறு.

இங்கே பெரிய மாற்றம் என்று நான் பார்த்தது பராக்கா அணுமின் நிலையம். நான்கு உலைகள், 5,600 மெகாவாட். நாலாவது 2024-இல் ஓட ஆரம்பித்ததும் நாட்டின் மின்தேவையில் கால்வாசி அதிலிருந்து. இந்த உலைகள் வருவதற்கு முன் கிட்டத்தட்ட எல்லா மின்சாரமும் வாயுவில்தான்.

ஒரு சந்தேகம் கேட்கலாமா? நிலத்துக்குள் விட்டது வெளியே வந்துவிடாதா? எங்கள் அறையில் இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

#6 கடல்மேடை (ஸ்டவாங்கர்)

வாங்கோ தம்பி, நீங்கள் எழுதியது மிகவும் பயன்.

கசிவு பற்றி: ஸ்லைப்னரில் சில வருடத்துக்கு ஒருமுறை கடலில் ஒலி அலை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்து நிலத்துக்குள் படம் எடுக்கிறார்கள். உள்ளே போனது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியும். மேலே தடித்த களிக்கல் மூடி இருக்கிறது, அதற்குக் கீழேதான் நிற்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருடமாகிறது.

ஆனால் எல்லா இடமும் ஸ்லைப்னர் இல்லை. வடமுனையின் ஊருக்கே பாடம் இருக்கிறது. ஸ்னோவித் வாயுவில் கலந்திருக்கிற காபனீரொட்சைட்டையும் மெல்க்கோயாவில் பிரித்துத் திரும்பக் கடலடிக்கு அனுப்புகிறார்கள், 2008இலிருந்து. (இதைச் சுழலிப் புகையோடு குழப்பக் கூடாது. வாயுவோடு வருவது நிலத்துக்குப் போகிறது, சுழலியில் எரிவதால் வருவது வானத்துக்குப் போகிறது.) முதலில் துபோவன் என்ற படுகைக்குள் விட்டார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. இடம் போதவில்லை. 2011இல் வேறு படுகைக்கு மாற்றினார்கள். கசியவில்லை, ஆனால் நிலம் நாங்கள் நினைத்தபடி இருக்கவில்லை. அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் தப்பினார்கள். ஆகவே இதைப் புதைத்துவிட்டு மறந்துபோகிற வேலையாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

#7 தீவகத்தான் (பேர்கன்)

பிள்ளைகள், நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு அலுமினிய உருக்காலையில் 31 வருடம். ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

நெய்தல் எழுதினார், முப்பது வருடத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்று. மொத்தக் கணக்கு சரி. ஆனால் அந்த மொத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். 1990இலிருந்து நோர்வேயின் தரைத் தொழிற்சாலைகள் விடுகிற புகை ஏறக்குறைய 40 வீதம் குறைந்திருக்கிறது. எண்ணெய், வாயு எடுக்கிற துறையின் புகை அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு கூடியிருக்கிறது. நாங்கள் குறைத்ததை அங்கே நிரப்பினார்கள்.

நாங்கள் எப்படிக் குறைத்தோம்? அலுமினியம் உருக்குகிற தொட்டியில் அலுமினாத் தூள் குறைந்துபோனால் மின்னழுத்தம் திடீரென்று எகிறும். நாங்கள் அதை எபெக்ட் என்போம். அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து புளோரின் கலந்த வாயுக்கள் வரும். ஒரு கிலோ வந்தால் பல ஆயிரம் கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். முந்தி ஒரு ஷிப்டில் எத்தனையோ தரம் வரும், நீண்ட கழியை விட்டுக் கலக்கி அடக்குவோம். பிறகு கணினி கொஞ்சம் கொஞ்சமாகத் தூள் போடுகிற முறை வந்தது. எபெக்ட் வருவது மிக அரிதாகிவிட்டது. அந்த வாயுக்கள் நாடு முழுவதும் தொண்ணூறு வீதத்துக்கு மேல் குறைந்தன.

பசளைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். நைத்திரிக் அமிலம் செய்யும்போது நைதரசன் ஒட்சைட்டு வரும், சிரிப்பு வாயு என்பார்களே அது. அதை உடைக்கிற ஊக்கியைப் போர்ஸ்கிரனில் உருவாக்கி உலைக்குள்ளேயே வைத்தார்கள். பெருமளவு குறைந்தது.

இந்த இரண்டு வேலைக்கும் 420 கிலோவோல்ட் கம்பி வேண்டியிருக்கவில்லை. பனிமான் நிலம் வேண்டியிருக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆட்களுக்கும் இரசாயனம் தெரிந்த ஆட்களுக்கும் நேரமும் காசும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இலகுவானது முடிந்துவிட்டது என்பதும் உண்மை. இனி மிஞ்சியிருப்பது கஷ்டமானது. அலுமினியத் தொட்டியில் கரி அனோட்டு என்ற மின்வாய் கரைந்து போகிறது. அலுமினாவில் உள்ள ஒட்சிசனை அது எடுத்துக்கொண்டு காபனீரொட்சைட்டாகப் போகும். ஒரு தொன் அலுமினியத்துக்கு ஒன்றரைத் தொன் அளவு. நீர்மின்சாரத்தில் ஓடினாலும் அது வரும். மோ இ ரானாப் பக்கம் உலோகக் கலவை உலைகளில் நிலக்கரியும், அதைச் சுட்டு எடுக்கிற கோக்கும் எரிபொருளாகப் போடுவதில்லை, தாதுவிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கப் போடுகிறார்கள். சூளைக்காரன் தம்பி சொன்ன கல் மாதிரித்தான் இதுவும்.

#8 நெய்தல் (ஒஸ்லோ)

தீவகத்தான் ஐயா, இந்தப் பிரிப்பு எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மிக்க நன்றி. 2020இல் நாடாளுமன்றம் எண்ணெய்த் துறைக்கு 2030க்குள் பாதியாகக் குறைக்கச் சொல்லி இலக்கு வைத்தது, 2005ஐ அடிப்படையாக வைத்து. அந்த அவசரத்தில்தான் எல்லோரும் தரை மின்சாரத்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்று இப்போது விளங்குகிறது.

வடமுனை கேட்ட கணக்கை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு புகை குறைகிறது என்று போட்டுப் பார்த்தேன்.

மெல்க்கோயா: 850,000 தொன்னை 3 டெராவாட் மணியால் பிரித்தால் யூனிட்டுக்கு 280 கிராம் அளவு.

ஹேரோயாப் பசளைத் தொழிற்சாலையில் 2024இல் திறந்த, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கிற 24 மெகாவாட் ஐதரசன் நிலையம்: வருடத்துக்கு 41,000 தொன் குறைப்பு என்கிறார்கள். வருடம் முழுவதும் ஓடினால் 210 மில்லியன் யூனிட். யூனிட்டுக்கு 195 கிராம்.

மின்கார்: ஒரு கிலோமீற்றருக்கு 0.2 யூனிட், பெற்றோல் கார் 150 கிராம் என்று வைத்தால் யூனிட்டுக்கு 750 கிராம்.

நான் எதிர்பார்த்தது வேறு. பச்சை ஐதரசன் மெல்க்கோயாவை வெல்லும் என்று நினைத்தேன், வெல்லவில்லை. என் கருத்துக்கு எதிராக வந்தாலும் இதை இங்கே போடுகிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காரும் பசளையும் மாறும்போது அந்த எரிபொருளுக்கான தேவை இல்லாமல் போகிறது. மெல்க்கோயாவில் மிச்சமாகிற வாயு அடுத்த கப்பலில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. அந்த 280 கிராமில் உலகத்துக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பது, அந்த வாயு எதை வெளியே தள்ளுகிறது என்பதில் இருக்கிறது.

#9 கடல்மேடை (ஸ்டவாங்கர்)

நெய்தல், நேர்மையான கணக்கு. அதனால் நானும் நேர்மையாக ஒன்றைத் திருத்த வேண்டும்.

மேலே நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு கடல் மேடைகளுக்குத்தான் சரி. மெல்க்கோயாவில் சுழலியிலிருந்து வெளியேறும் சூட்டையும் பிடித்து ஆலைக்குள்ளேயே பயன்படுத்துகிறார்கள். சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் வாயுவின் சக்தியில் பெரும் பகுதி வேலைக்கு வந்துவிடுகிறது. சுழலியை நிறுத்தினால் அந்தச் சூட்டையும் மின்சாரக் கொதிகலனில் உண்டாக்க வேண்டும். ஆகவே இங்கே மிச்சமாகிற வாயு ஜெர்மனியில் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்ற என் வாதம் மெல்க்கோயாவுக்குப் பொருந்தாது. முதலில் எழுதும்போது இதை யோசிக்கவில்லை.

கடலில் காற்றாலை வைத்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஹைவிண்ட் தாம்பன் இருக்கிறது, மிதக்கிற 11 காற்றாலைகள், 88 மெகாவாட், ஸ்னோர்ரே, குல்பாக்ஸ் வயல்களின் ஐந்து மேடைகளுக்கு. அந்த மேடைகளின் தேவையில் 35 வீதம் அளவுதான் அதில் வரும். காற்று இல்லாதபோது சுழலி ஓடும். சராசரிக்குப் பாதித் திறன் என்று வைத்தாலும் மெல்க்கோயாவுக்கு எட்டுத் தாம்பன் வேண்டும், அதுவும் காற்று வீசுகிற நாட்களுக்கு மட்டும்.

#10 வடமுனை (ஹம்மர்பெஸ்ட்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இங்கே இருந்து பார்க்கும்போது தெரிகிற இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன்.

ஒன்று, அனுமதி கொடுத்தபோது அரசாங்கம் சொன்னது: 2030க்குள் பின்மார்க்கில் மெல்க்கோயா எடுக்கிற அளவுக்காவது புதிய மின்சாரம் உண்டாக்குவோம் என்று. இங்கே அதற்கு அர்த்தம் காற்றாலை. காற்றாலை வைக்கக்கூடிய மேட்டு நிலம் எல்லாம் மேய்ச்சல் நிலம். நடு நோர்வேயில் பொஸென் காற்றாலைகளுக்குக் கொடுத்த அனுமதி ஸாமி மக்களின் உரிமையை மீறியது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த 151 காற்றாலைகள் தீர்ப்புக்குப் பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து இளைஞர்கள் அமைச்சின் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். என்னோடு வேலை செய்கிற பெண் பனிமான் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசந்தத்தில் தாய் மான்கள் கன்று போடுகிற காலத்தில் மனிதச் சத்தம்கூட ஆகாது என்று அவர் சொல்வார். நிலத்தை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு, இந்த ஊர் மெல்க்கோயாவால் வாழ்கிறது. ஆலை வருவதற்கு முன் இளம் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அதன் சொத்துவரியில்தான் பாடசாலைகளைத் திருத்திக் கட்டினார்கள். 2020 செப்டம்பரில் அங்கே தீப்பிடித்து, 2022 கோடைவரை மூடியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே மூடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

#11 நெய்தல் (ஒஸ்லோ)

வடமுனை அக்கா, கூட்டத்தில் கேட்க ஒன்று இருக்கிறது. 'ஸ்னோவித் எதிர்காலம்' என்ற இந்த மெல்க்கோயாத் திட்டம் வெறும் மின்சாரத் திட்டம் இல்லை. வயலில் அழுத்தம் குறைந்துகொண்டு வருவதால் தரையில் புதிய அழுத்திகளையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். 2050வரை உற்பத்தி நீள வேண்டும் என்பதுதான் நோக்கம். உமிழ்வுக் குறைப்பு, உற்பத்தி நீட்டிப்பு, இரண்டும் ஒரே பொதியில் வந்தன. இரண்டையும் தனித்தனியாக விலை சொல்லச் சொல்லுங்கள்.

#12 சூளைக்காரன் (போர்ஸ்கிரன்)

காசு பற்றி. ப்ரெவிக்கும் சேமிப்பும் சேர்ந்த லாங்ஷிப் திட்டத்துக்கு 2020இல் மதிப்பிட்டது 25 பில்லியன் குரோனர், பத்து வருட இயக்கச் செலவோடு. அதில் அரசின் பங்கு கிட்டத்தட்ட 17 பில்லியன். பெரிய காசு. அதே திட்டத்தில் இருந்த ஒஸ்லோ கிளெமெட்ஸ்ருட் குப்பை எரிப்பு நிலையத்தின் வேலை செலவு ஏறியதால் 2023இல் நின்று, 2025இல் மறுபடி தொடங்கியது. அங்கேயும் வருடத்துக்கு 350,000 தொன் பிடிக்க வேண்டும்.

ஆனால் குழாயும் கப்பலும் கிணறும் ஒரு தரம் கட்டினால் அடுத்தவனும் பாவிக்கலாம். நெதர்லாந்துப் பசளைத் தொழிற்சாலை ஒன்று தன் காபனீரொட்சைட்டை இங்கே அனுப்ப ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முதல் கட்டம் 1.5 மில்லியன் தொன், அடுத்த கட்டம் குறைந்தது 5 மில்லியன். எண்ணெய்க்குக் கிணறு தோண்டப் பழகிய அதே ஆட்கள், அதே கப்பல்காரர்கள், அதே வெல்டர்கள் இதில் வேலை செய்கிறார்கள். என்னோடு நின்ற நாலு பேர் கடலில் இருந்து வந்தவர்கள். எண்ணெய்க்குப் பிறகு என்ன வேலை என்று என் மகன் கேட்கும்போது எனக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

#13 பாலைவனத்தான் (அபுதாபி)

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைக்கிறது. உங்களுக்கு 1991-இல் ஒரு விலை வந்தது. 2030-இல் டன்னுக்கு 2,000 குரோனர் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். விலை தெரிந்ததால் ஆலைக்காரர் பத்து வருடம் முன்னாடியே யோசிக்கிறார். இங்கே திறமை இருக்கிறது, பணம் இருக்கிறது, வெயில் கொட்டிக்கிடக்கிறது. துபாய் அலுமினிய ஆலை 2021-இலேயே சூரிய மின்சாரத்தில் கொஞ்சம் உருக்கிக் காட்டியது. ஆனால் புகை விடுவதற்கு விலை இல்லை. ஐரோப்பாவுக்கு விற்கும் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் எல்லையில் கார்பன் கணக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த விலை வெளியிலிருந்துதான் இங்கே வரும் போல.

#14 வடமுனை (ஹம்மர்பெஸ்ட்)

கூட்டத்தில் பேச எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

கடல் மேடைகளுக்குத் தரை மின்சாரம் கொடுப்பதை நான் எதிர்க்கப் போவதில்லை, அங்கே வாயு மிகவும் வீணாகிறது. மெல்க்கோயாவில் அந்த அளவு வீணாவதில்லை என்பதைச் சொல்வேன். ஆகவே 3 டெராவாட் மணியையும், அதற்காகக் கேட்கப் போகிற மேட்டு நிலத்தையும் கொடுப்பதற்கு முன், உலகத்துக்கு எவ்வளவு புகை குறைகிறது என்ற கணக்கைப் பொதுவில் வைக்கச் சொல்வேன். நாட்டின் கணக்கில் எவ்வளவு குறைகிறது என்று ஏற்கெனவே தெரியும். அழுத்திக்கு ஒரு விலை, மின்சாரத்துக்கு ஒரு விலை, பிரித்துக் கேட்பேன். சுழலிப் புகையை அங்கேயே பிடித்து, ஏற்கெனவே இருக்கிற குழாயில் ஸ்னோவித்துக்கு அனுப்புவதைச் செலவு அதிகம் என்று முன்பு ஒதுக்கினார்கள். தொன்னுக்கு 2,000 குரோனர் என்ற விலையிலும் அது அதிகம்தானா என்று கேட்பேன். அப்புறம் தீவகத்தான் ஐயா சொன்ன அந்த இரண்டு எண்கள்: தொழிற்சாலைகள் 40 வீதம் குறைத்தன, எண்ணெய்த் துறை மூன்றில் ஒரு பங்கு கூட்டியது. அவற்றைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன்.

அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலை செய்கிற இடத்துப் பெண்ணும் தன் மாமாவைக் கூட்டி வருகிறார்.

#15 கடல்மேடை (ஸ்டவாங்கர்)

சுழலிப் புகையைப் பிடிப்பது பற்றிக் கேட்கும்போது கவனம் தங்கச்சி. சுழலிப் புகையில் காபனீரொட்சைட்டு மூன்று நாலு வீதம்தான், சீமெந்துச் சூளையில் இருபது வீதம்வரை இருக்கும். ஐதாக இருப்பதைப் பிடிக்கக் கோபுரம் பெரிதாக வேண்டும், சூடும் கூட வேண்டும், தீவிலோ இடம் குறைவு. அதைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். பதிலைக் கையில் வைத்திருங்கள்: சூட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், அது 350 மெகாவாட்டில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். அந்த எண்ணை அவர்களால் சொல்ல முடியும். நான் என் பழைய குறிப்புகளைத் தேடி இன்று இரவு தனிமடலில் அனுப்புகிறேன்.

#16 தீவகத்தான் (பேர்கன்)

பிள்ளை, மூன்று நிமிடத்துக்கு இது நீளம். அழுத்தி பற்றிய கேள்வியை அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கும் மூன்று நிமிடம் கொடுப்பார்கள்.